என் அடுப்பில் போட்ட முதல் தேத்தண்ணி

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தையும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், ஒரே காம்பரா, அந்த ஓர் அறைக்குள் வைத்துத்தான் வளர்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வரும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

இது நடந்தது போன வருஷம், வத்தேகமவுக்குப் பக்கத்தில் என் மூத்த மகனுடைய வீட்டில். கண்டி டவுனில் வேலை செய்துகொண்டே அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. இரண்டே அறை. ஓர் அறையில் நானும் இந்தப் பேத்தியும். அவள் சோதனைக்குப் படிக்கிற நேரம் பார்த்து எனக்கு இருமல் வரும். அவளும் பாவம், நானும் பாவம். ஆகவே வீட்டோடு ஒட்டி, வாழை நின்ற இடத்தில் அம்மாவுக்கு ஓர் அனெக்ஸ் கட்டலாம் என்றான் மகன்.

பிளானைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். அதிலிருந்த இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் கோடு தெரியுமே. ஓர் அறை, ஒரு பாத்ரூம், முன்னால் சின்ன விறாந்தை.

"அடுப்பு எங்க?" என்று கேட்டேன்.

"அடுப்பு எதுக்கும்மா? சாப்பாடு நம்ம வீட்ல இருந்து வரப்போகுது."

"என்னைப் பார்க்க ஒருத்தர் வந்தா?"

"தண்ணி கொதிக்க வைக்க கரண்ட் கேத்தல் ஒன்னு வாங்கித் தாறேன்."

"கேத்தல்ல பருப்பு வேகுமா?"

மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. "தனி அடுப்பு வச்சா ஊர் என்னைத்தான் பேசும் அத்தை. மாமியாரை ஒதுக்கி வச்சுட்டான்னு சொல்லும். இருபது வருஷமா உங்களுக்கு நான் சோறு போடலையா?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவள் கைச் சோற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் லயத்தில் இருந்த காலத்தில், மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்குகிறவர்கள் என் காம்பரா வாசலில் நின்றால், அடுப்பை ஊதி, பால் விடாத தேத்தண்ணி, ஒரு பிளேன்டியாவது கொடுக்காமல் அனுப்பமாட்டேன். அந்த ஒரு காம்பராவில் நான் யாருக்கும் விருந்தாளி இல்லை. இதையெல்லாம் விளக்கிக்கொண்டு நிற்க எனக்கு வராது. ஒரு தடவைக்கு மேல் கேட்கிற ஆளும் நான் இல்லை. பிளானைச் சுருட்டி மகன் கையில் கொடுத்தேன்.

சுவர் எழும்பியது. வேலை செய்த கொத்தனார், நாங்கள் மேசன் பாஸ் என்போம், சிங்கள மனுஷன், தமிழும் பேசுவார். ஒரு நாள் மருமகள் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து நிற்கையில் என்னைப் பார்த்துக் கேட்டார். "அம்மே, புது வீட்டுக்குப் பால் எங்க காய்ச்சுறது?" அவர்களும் எங்களைப் போல வீடு குடிபோகும்போது பால் பொங்கவைப்பவர்கள்.

"எங்க குசினி அடுப்புல காய்ச்சி எடுத்துட்டு வருவோம் பாஸ்," என்றாள் மருமகள்.

அவர் சிரித்தார். "அப்ப இது வீடு இல்ல, ரூம்."

வெட்டிக் கிடந்த வாழைமட்டைகளை நான் ஓரமாக இழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் கலகெதரவுக்குப் போனாள். அவளைப் பெற்றவள் அங்கே மகன் வீட்டில் இருக்கிறாள். பொழுது சாயத் திரும்பி வந்தாள். நான் புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சிமெந்து சட்டென்று காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தினமும் ஊற்றவேண்டும், என்னால் முடிந்த வேலை அதுதான். அவள் வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் போனப்ப அண்ணி வீட்ல இல்ல அத்தை. குசினியைப் பூட்டிட்டுப் போயிருந்தாங்க. பூனை வருதாம், அதான் பூட்டுறாங்கன்னு அம்மா சொன்னாங்க."

ஒரு குவளை மொண்டு சுவரில் ஊற்றினாள்.

"ரெண்டு பஸ் மாறி வந்த புள்ளைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க முடியலையேன்னு தவிச்சுப் போயிட்டாங்க. முந்தானை முடிச்சை அவுத்து இனிப்பு டொபி ஒன்னு எடுத்துக் குடுத்தாங்க. இந்த வயசுல எனக்கு டொபி." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

"தின்னியா?"

"பஸ்ஸுல தின்னேன்."

அதோடு சரி. வாளி காலியாகும் வரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பாஸ் வந்ததும் அவளே போய் நின்றாள். "பாஸ், பின்னுக்கு இன்னும் கொஞ்சம் இழுத்து ஒரு குசினி போடணும். புகை போக ஜன்னலும் வேணும்."

மகன் பல் துலக்கிக்கொண்டு நின்றவன், "பிளான்ல அது இல்லையே," என்றான்.

"இல்லாட்டி பிளான்லயும் போடுங்க."

மாற்றிய பிளானுக்கு அனுமதி கேட்டுப் பிரதேச சபைக்கு மறுபடியும் அலைந்தது அவன் பாடு.

பால் காய்ச்சுகிற நாளுக்குச் சம்பந்தி அம்மாவைக் கட்டாயம் கூட்டிவா என்று மருமகளிடம் சொன்னேன். அடுப்புக்குப் பிறகு நான் கேட்டது அது ஒன்றுதான். என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். கொதித்ததும் தேயிலை டப்பாவைச் சம்பந்தி கையில் கொடுத்தேன்.

"உங்க மகளுக்கு நீங்களே ஒன்னு போட்டுக் குடுங்க சம்பந்தி. இங்க பூனை வராது."

அந்த அம்மா டப்பாவைத் திறந்து தேயிலையைப் போட்டார். சின்னப் பிள்ளைக்குப் போடுவது போலச் சீனியை அள்ளி அள்ளிப் போட்டார். என் மருமகள் தேத்தண்ணியில் சீனியே சேர்க்காதவள். என் கதிரையில் உட்கார்ந்து, அடி மண்டி வரைக்கும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்காமல் வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள்.

இன்றைக்கும் எனக்குச் சோறு அவள் குசினியிலிருந்துதான் வருகிறது. ஊர் ஏதாவது பேசியிருக்கும், எங்கள் காதுக்கு வரவில்லை. எனக்குச் சோறு போடுகிற கை அவளுடையது. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற கை என்னுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டாளே, அதை நினைத்தால் இப்போதும் மனம் குளிர்கிறது. இதுவரை அவளிடம் நான் இதைச் சொன்னதில்லை.

எங்கே பிள்ளை, எழுதினதை ஒரு தடவை வாசி, கேட்போம். கொஞ்சம் சத்தமாகவே வாசி. உங்கம்மா அந்தப் பக்கம் குசினியில்தான் நிற்கிறாள்.