சிவமயம் என்ற முதல் வரி

என் மேசை இழுப்பறையில் ஒரு தேர்வு முடிவுச் சீட்டு இருக்கிறது. பள்ளியின் பெயர் வரவேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்தில் சிவமயம் என்று அச்சாகியிருக்கும். கீழே ஒரு பெண்ணின் பெயர். அதற்கும் கீழே, மதிப்பெண் எதுவும் இல்லாமல், ஃபெயில்.

எண்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலைத் தேரடியருகே, ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் பள்ளி மாறும் விவரங்களைத் தனி ஃபைலில் வைத்திருந்தோம். முதல் வரி பள்ளியின் பெயர், இரண்டாவது முழு மதிப்பெண் நூறு, மூன்றாவது தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. எது என்ன என்று ஃபைலில் இருக்காது, வரிசையை வைத்துத்தான் புரோகிராம் புரிந்துகொள்ளும். ஒவ்வொரு வரியிலும் பெயர் எழுதி, சமக்குறி போட்டு, பிறகு மதிப்பை எழுதுவோம் என்று ஆறு மாதம் மேலாளரிடம் மன்றாடினேன். "வரிசையா எழுதினா பத்தாதாப்பா? டைப் அடிக்கிற வேலையாவது கம்மி. தீபம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்பார். தீபம் முடிந்தது, அரையாண்டுத் தேர்வும் முடிந்தது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவருடைய மகள் பத்தாவது படித்த பள்ளியின் வேலை வந்தபோது ஃபைலை அவரே ஆசையாக அடித்தார். மளிகைச் சீட்டுக்குக்கூட மேலே சிவமயம் போடுகிறவர், இங்கேயும் போட்டார். மற்றதெல்லாம் ஒரு வரி கீழே இறங்க, நூறு தேர்ச்சி மதிப்பெண்ணாகிவிட்டது. அச்சு நேராக விழுகிறதா என்று நானும் தலைப்பைப் பார்த்தேன். பள்ளியின் பெயர் இல்லாததைக் கவனிக்கவில்லை. தலையில் சிவமயம் இருந்தால் எங்கள் ஊரில் யார் கண்ணுக்கு உறுத்தும்?

மகளின் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர், மறுநாள் முகம் இறுகி வந்தார். "ஃபெயிலாயிட்டாப்பா. நல்லா எழுதினேன்னு பொய் வேற. மிஷின் பொய் சொல்லுமா? அவளை அடிச்சுட்டேன். இனிமே இஸ்கூல் வேணாம்னுட்டேன்."

மீதிச் சீட்டுகளைப் புரட்டினேன். ஒருவர் விடாமல் எல்லாரும் ஃபெயில். ஃபைலைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே என் முறைக்கு ஒப்புக்கொண்டார். சமக்குறி இல்லாத வரியைத் தாண்டிப் போகும்படி புரோகிராமை மாற்றினேன், அவருடைய சிவமயமும் பிழைத்தது. புதுச் சீட்டை எடுத்துப் போனவர், மறுநாள் பழையதை என் மேசையில் வைத்தார். "இஸ்கூலுக்குப் போயிட்டா. எங்கிட்டதான் பேச மாட்டேங்கறா."

இன்று என் அலுவலகத்துப் பிள்ளைகள் பெயரா, வரிசையா என்ற இதே சண்டையை நான்கு நாளாக இழுக்கிறார்கள். எரிச்சல் தாங்காமல் சீட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்த பெண், "பாவம், எத்தனை மார்க்ல போச்சு சார்?" என்றாள்.

மேலாளரின் மகள் ஒரு பாடத்தில் எழுபத்தெட்டு வாங்கியிருந்தாள், அதுதான் அவளுடைய மிகக் குறைந்த மதிப்பெண்.