ஆறு துண்டு

என் மனைவிக்குத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி என்று பெயர். அலுமினிய வார்ப்பில் ஒரு துண்டை அறுத்து, கண்ணாடி மாதிரி தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. வீட்டிலும் விடமாட்டாள். வாணலியின் காது உடைந்தால் புதிது வாங்கும் பேச்சே வராது. உடைந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நான் அதே இடத்தில் உலைக்காரன். பதினாலு வருஷமாக என் உலையிலிருந்து வாடிக்கையாளருக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைப்பானேன். சில நாள் காலையில், “இன்னிக்கு உலையில பழைய வார்ப்பு கம்மியா போடுங்க” என்பாள். நச்சரிப்பு தாங்காமல் அப்படியே செய்வேன்.

போன மாதம் சக்கர நாற்காலிக்கான பிடிகள் வார்த்தோம். அவசரத்தில், பழைய வார்ப்புகளை இரும்புத் திருகு கழற்றாமலே உலையில் போட்டுவிட்டேன். திருகெல்லாம் கரைந்து இரும்பு கூடிவிட்டது.

“உள்ள பூரா ஊசி ஊசியா இருக்குங்க,” என்றாள். “ஓங்கித் தட்டினா அது வழியாவே விண்டுடும்.”

“ஒரு தடவைதானேம்மா. கண்டுக்காம விடேன்.”

“அதுல உக்கார்றவங்களால எழுந்து ஓட முடியாதுங்க.”

அறிக்கையில் ‘தள்ளுபடி’ என்று சிவப்பு முத்திரை குத்தி, பக்கத்தில் என் பெயரையும் எழுதினாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் சமைத்ததை மட்டும் சாப்பிட்டேன். வயிற்றுக்கு ஏது ரோஷம்?

மூன்றாம் நாள் வீம்புக்கு, இரும்பு வாடையே இல்லாத சுத்தமான கட்டிகளாகத் தேடி உருக்கினேன். வார்ப்பு அச்சோடு ஒட்டிக்கொண்டது. உளியும் கையுமாகப் பாதி நாள் போயிற்று. வெட்கத்தை விட்டு அவளிடமே போய் நின்றேன்.

சிரிப்பை அடக்க அவள் பெரும்பாடு பட்டாள். “இரும்பே இல்லன்னா அலுமினியம் அச்சுல இருக்கற இரும்பைத் தின்னப் பாக்கும். அதான் ஒட்டுது. கொஞ்சம் வேணும். கூடவே துளி மாங்கனீசு போடுங்க. இரும்பு ஊசியா நீளாம மொத்தையா அடங்கிடும்.”

போட்டேன். வார்ப்பு அச்சிலிருந்து அலுங்காமல் வந்தது. வழக்கமாக அவளுடைய லேப் ஆட்கள்தான் வந்து சோதனைத் துண்டுகளை எடுத்துப்போவார்கள். அன்று பொறுமையில்லாமல் நானே இரண்டு துண்டு கொண்டுபோனேன். துண்டு தேய்க்கிற அம்மா வாங்கிப் பார்த்தார்.

“உங்களுதுக்கு ஆறு வேணும் தம்பி. மத்த உலைக்கெல்லாம்தான் ரெண்டு. நான் வந்ததுலேருந்து உங்க வீட்டம்மா அப்படித்தான் பாக்கறாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “என் மேல அவ்வளவு சந்தேகமா?”

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “உங்க உலையில குறைன்னா அதை நான்தான் முதல்ல பாக்கணும். வெளியாள் வந்து சொன்னா நீங்க தாங்கமாட்டீங்க.”

அந்தக் காலை நேரத்து நச்சரிப்பெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது; முந்தின நாள் துண்டுகளில் பார்த்ததைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். பதினாலு வருஷத் திமிரில் பாதி அவளுடையது. பாதிக்கும் மேலேயே இருக்கும்.

“இன்னிக்கு உருக்கினது தேறிச்சா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அஞ்சு துண்டு தேறிடுச்சு. ஆறாவது நாளைக்கு.”