தம்பியின் கையில் இருந்த மணி

இதை எழுதலாமா என்று டயலக்காவிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை சலித்துப்போய், "எழுதுங்க. ஆனா என்னை நல்லவளா மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

அவருடைய டாட்டூ கடைக்கு மேல்மாடியில் நான் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். கடையில் பாதிதான் அவருடையது. மீதிப் பாதியில் அவருடைய நாத்தனார் தையல் மெஷின் போட்டு, பேன்ட் இடுப்பு பிடிப்பதும் ஜிப் மாற்றுவதுமாக இருப்பார். ஊசி இரண்டு பக்கமும் ஓடும். வாய் நாத்தனார் பக்கம்தான் அதிகம்.

அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. சுவர்க் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு ஆண்டு டயல் பிரிவில் இருந்தவர். எண் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் டயலை எடுத்து ஒதுக்கிவிடுவாராம். தொழிற்சாலையை மூடியதும் டாட்டூ கற்றுக்கொண்டார். பூ, பறவை எல்லாம் சுமாராகத்தான் வரும். கடிகாரம் என்றால் மூன்று பஸ் மாறி அவரைத் தேடி வருவார்கள். ரோமன் எண்ணில் நாலுக்கு IV என்று போடாமல் IIII என்று நாலு கோடு போடுவார். "தப்பா இருக்கே" என்று யாராவது சொன்னால் போதும், "உங்க வீட்டுக் கடிகாரத்தப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். பெரும்பாலும் மறுநாள் அசடு வழிந்துகொண்டு வருவார்கள்.

கடையில் ஒரு ஆல்பம் உண்டு. படத்துக்குக் கீழே அர்த்தம். அக்கா சொல்லச் சொல்ல, இந்த ஊர் மொழியிலும் தமிழிலும் எழுதிக் கொடுத்தவன் நான். முள் இல்லாத கடிகாரம், இனி யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை என்கிறவர்களுக்கு. வேலையை விட்டவர்கள் அதைக் கேட்பார்கள், சிறையிலிருந்து வந்த ஒருவரும் கேட்டார். விரிசல் விழுந்த கண்ணாடி என்றால் ஒரு விபத்து, அல்லது ஒரு பிரிவு. மணல் கடிகாரம் நோயிலிருந்து மீண்டவர்களுக்கு. சங்கிலிக் கடிகாரத்தோடு ரோஜா என்றால் காதல்தான். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு மட்டும் ஒன்றுமே எழுதவில்லை. கடிகார விளம்பரங்களில் எல்லாம் முள் அப்படித்தான் நிற்கும். அதைப் பார்த்துக் கேட்கிறார்கள். "வீட்டுக்குப் போய், நாம சந்திச்ச நேரம்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிக்குவாங்க. ஊர்ல பாதிப்பேரு பத்து பத்துக்கே காதலிச்சிருக்காங்க அண்ணி" என்பார் நாத்தனார்.

அக்காவிடம் கறாரான வழக்கம் ஒன்று இருந்தது. வருகிறவர் தனக்கு வேண்டிய மணியைத் தன் கையாலேயே தாளில் எழுதித் தர வேண்டும். வாய்ச்சொல் எடுபடாது. பெற்ற பிள்ளை பிறந்த நேரத்தையே மாற்றிச் சொல்கிற அப்பன்மார்கள் இருக்கிறார்களாம்.

லிஃப்ட் மெக்கானிக்கிடம்தான் அந்தத் தாளை நீட்டவில்லை.

ஐம்பதைத் தாண்டியவர், எதிர்க் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க மாதம் ஒருமுறை வருகிறவர். ஃபோனை நீட்டினார். ஒரு முன்கை, அதில் எண்களே இல்லாமல் கோடு மட்டும் போட்ட ஒரு கடிகாரம்.

"என் தம்பி கை. போன மாசம் தவறிட்டான். அவன் பொண்ணு அனுப்பிச்சா. இதே மாதிரி எனக்கும் வேணும்."

அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது ஆண்டாகியிருந்தது. தம்பி வேலை பார்த்த இடத்துக்கே போய், எல்லோர் முன்னாலும் வாய் தடித்து, கடைசியில் கையும் நீட்டிவிட்டார் அண்ணன். அதற்குப் பிறகு இரண்டு பேருமே இறங்கி வரவில்லை. இதை நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷத்தில் சொல்லிவிட்டாராம். இப்படிப்பட்ட மனிதரிடம் தாளைக் கொடுத்து எழுதச் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. படத்தைப் பெரிதாக்கித் தானே படித்துச் சொன்னார்.

"ஏழு இருபது."

அவர் நிமிர்ந்தார். "என்னது?"

"ஏழு இருபதுங்க. ஏன், எதாவது நேரமா?"

"ஸ்கூல் பஸ்ஸு" என்றார். "ஏழு இருபதுக்கு முக்குல வந்து நிக்கும். தினம் அவனாலதான் லேட்டு. ஷூ லேஸ் கட்டத் தெரியாது அவனுக்கு. நான்தான் ரோட்டுலயே உக்காந்து கட்டிவிட்டு, கையப் புடிச்சு இழுத்துட்டு ஓடுவேன். அப்ப... மறக்கலையா அவன்?"

இந்த இடத்தில்தான் அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"டயல்ல எண்ணே இல்ல பாருங்க. அப்படிப் போட்டா, பாக்கிற எல்லாருக்கும் புரிய வேணாம், ஒரே ஒரு ஆளுக்குப் புரிஞ்சா போதும்னு அர்த்தம்."

ஆல்பத்தில் அப்படி ஓர் அர்த்தமே கிடையாது. எழுதியவனுக்குத் தெரியாதா?

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மணி நேரத்தில் கடிகாரம் அவர் கையில் ஏறியது. அங்கிருந்தே அதைப் படம் எடுத்துத் தம்பி மகளுக்கு அனுப்பி, கூப்பிட்டு, பஸ் கதையையும் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெண் 'பெரியப்பா' என்று கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தாளாம். பதினைந்து வயதுப் பெண். லிஃப்ட் பார்க்க வரும்போதெல்லாம் கடைக்குள் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

ஏழு மாதம் கழித்து ஒரு ஜிம் மாஸ்டர் வந்தார். தன் தோளைத் தானே ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டினார். எட்டிப் பார்த்த நாத்தனார் சிரித்தார். "என்ன மாஸ்டர், பனியன்ல எழுத்தெல்லாம் திரும்பி நிக்குது?"

"முன்பக்கக் கேமராக்கா. என் ஃபோன்ல கண்ணாடி மாதிரிதான் விழும். இடது வலதா தெரியும்."

அக்கா மாஸ்டரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய், வேலைக்காகத் தன் ஃபோனில் வாங்கி வைத்திருந்த மெக்கானிக்கின் தம்பி படத்தைத் தேடி எடுத்தார். கைக்குப் பின்னால் ஒரு ஃப்ரிட்ஜ், அதன் கதவில் கம்பெனிப் பெயர். எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறி ஓடின. ஃபோனைக் கைகழுவும் இடத்துக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். நாலு நாற்பது.

பதினோரு ஆண்டு டயல் பார்த்த கண். எண் இருந்திருந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். எண் இல்லாததற்கு இவர்தான் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. இரண்டரை மாதம். மெக்கானிக்கின் பைக் எதிரே நின்றால் அக்கா உள்ளே போய்விடுவார். "அண்ணி குளிக்கிறாங்க" என்று நாத்தனார் சொல்லிச் சொல்லி, "ஏன்மா, எந்நேரமும் தண்ணிலயே இருக்க உங்க அண்ணி என்ன மீனா?" என்று ஒரு நாள் அவரே கேட்டுவிட்டார்.

அன்றைக்கு மதியம் அக்கா வெளியே வந்து, அவரை உட்காரச் சொல்லி, படத்தையும் கண்ணாடியையும் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டார். செய்த வேலைக்கு மேலேயே வேறு வரைந்து மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார்.

மெக்கானிக் கண்ணாடியைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"கேமரா தப்பு. சரி. ஒரே ஒரு ஆளுக்குன்னு சொன்னீங்களே, அது எந்தக் கேமரா?"

அக்கா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் புள்ளைகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"நான் நேர்ல வந்து சொல்றேங்க."

"வேணாம் தாயி. நீங்க வந்தா அங்கயும் ஒரு அர்த்தம் சொல்லிட்டு வருவீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்றார் அக்கா. மெக்கானிக் அங்கேயே ஃபோனை எடுத்தார். கிரீஸ் ஒட்டிய விரல் என்பதால் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மாடி, உங்க அப்பா கைல மணி என்ன காட்டுச்சு?"



"நாலு நாப்பது பெரியப்பா."

"அது என்ன நேரம்மா?"

"நான் ரெண்டாவது படிக்கிறப்போ ஸ்கூல்ல இருந்து வர்ற வழியில தொலைஞ்சு போயிட்டேன். அப்பா தேடிக் கண்டுபுடிச்ச நேரம். அடுத்த வாரமே கையில போட்டுக்கிட்டாரு."

"என் கைல தப்பா இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க படம் அனுப்பின அன்னைக்கே."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீங்க பஸ் கதையச் சொல்லி அழுதீங்க பெரியப்பா. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

தையல் மெஷின் நின்றுவிட்டது. அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. அப்பன் கையில் அவளுக்கென்று இருந்த ஒரே நேரம். அதையும் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவள் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

"பெரியப்பாவ மன்னிச்சிரும்மா" என்றார் மெக்கானிக்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க இருக்கீங்க?"

"இதப் போட்டாங்கள்ல, அவங்க கடையில."

"அவங்க இருக்காங்களா? அவங்ககிட்டக் குடுங்களேன்."

அவர் ஃபோனை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. வேண்டாம் என்று கையை ஆட்டினார். கெஞ்சுகிற மாதிரி ஆட்டினார்.

அவர் ஒரு கணம் அக்காவையே பார்த்தார். பிறகு, "அவங்க வேலையா இருக்காங்கம்மா, கைல கிளவுஸ் போட்டிருக்காங்க" என்றார். கடையில் வேறு ஆளே இல்லை. போகும்போது அந்தப் பெண்ணின் எண்ணைத் தாளில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

"எனக்காக அந்த மனுஷன் பொய் சொன்னாரு பாருங்க" என்று அக்கா என்னிடம் சொன்னது அதற்கு ஒரு வாரம் கழித்து. அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவதென்று எழுதித் தரச் சொன்னார். இரண்டு மொழி படித்தவன் என்ற நம்பிக்கை. யாருக்கும் வலிக்காமல் எழுதப் பழகியவன் நான். 'படம் திரும்பியிருந்த காரணத்தால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று ஆரம்பித்துக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"படத்து மேல பழியப் போடச் சொல்றீங்களா?"

என் காது சூடானது.

நேற்று மதியம் எண்ணை அழுத்தினார். நானும் அங்கே இருந்தேன். இரண்டு முறை மணி அடித்ததுமே கட் செய்துவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டார்கள். ஃபோன் மேஜைமேல் அதிர்ந்து நகர்ந்துகொண்டே இருந்தது.

"எடுங்க அண்ணி. நீங்க குளிக்கிறீங்கன்னு இனிமே நான் சொல்ல மாட்டேன்" என்றார் நாத்தனார்.

அக்கா எடுத்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான்மா, உங்க பெரியப்பா கையில தப்பாக் குத்தினவ" என்றார்.