முப்பத்தொன்றாம் இலக்கக் காருக்குப் பின்னால்

இதை நம்பச் சொல்லி நான் யாருடைய காலிலும் விழப்போவதில்லை. நேரம், கார் இலக்கம், டெசிபல் மூன்றையும் என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தத் தாள்கள் இப்போது பொலிசிடம் இருக்கின்றன. நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் கொட்வின். மன்னாரில் பிறந்தவன். கிழமை நாட்களில் கராஜில் வேலை. சனிக்கிழமைகளில், ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் இருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கார்ப் பந்தயத் திடலில் சத்தம் அளப்பேன். நானூறு மீற்றர் வட்டப் பாதை. பாதையில் இருந்து பதினைந்து மீற்றர் தள்ளி ஒரு முக்காலியில் மைக் நிற்கும். பக்கத்துத் தகரக் கொட்டிலுக்குள் நானும் சத்தம் அளக்கும் மீற்றரும். கார் கடக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணை எழுதவேண்டும். தொண்ணூற்றெட்டுக்கு மேல் போனால் கறுப்புக் கொடி. அந்தக் கார் வெளியே வந்துவிட வேண்டும்.

பக்கத்து ஊர்ச் சனம் முறைப்பாடு செய்து செய்து, மாவட்டச் சுற்றாடல் அலுவலகம் கடைசி எச்சரிக்கை கொடுத்திருந்தது. வருடத்தில் மூன்று மீறல் பதிவானால் திடலுக்குப் பூட்டு. இரண்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கார் இல்லாத நேரத்தில் மீற்றர் துள்ளினால், எண்ணை வெட்டிவிட்டு 'காற்று' என்று எழுதுவோம். காற்று மைக்கில் மோதினால் மீற்றர் உண்மையிலேயே துள்ளும். யாரும் கேள்வி கேட்பதில்லை.

அன்று ஒக்டோபர் மாதத்து இரண்டாவது சனி. மாலைப் பயிற்சிக்கு மூன்றே கார்கள். அதில் முப்பத்தொன்றாம் இலக்கம் யூட்டுடையது. யூட் என் மனைவி எவ்லினின் தம்பி. அவளுக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு. நான் வீட்டில் இருந்து கிளம்பும்போது, "அவனை முழுசாக் கொண்டந்து விடுங்கோ" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

18:26:40. யூட். தொண்ணூற்றுநான்கு.

18:26:49. தொண்ணூற்றேழு. பாதையில் கார் இல்லை.

'காற்று' என்று எழுதினேன். எழுதிவிட்டு வெளியே பார்த்தேன். கம்பத்தில் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சுற்று. யூட் கடந்து ஏழு விநாடி. நூற்றுநான்கு. மற்ற இரண்டு கார்களுக்குப் பின்னால் அப்படி எதுவும் வரவில்லை. யூட்டுக்குப் பின்னால் மட்டும். நூற்றுநான்கு டெசிபல் என்றால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. எனக்கோ அந்த விநாடியில் கார்களின் இரைச்சலே அறுந்துபோய், கொட்டிலுக்குள் இலையான் பறப்பதுகூடக் கேட்டது.

திடலின் பொறுப்பாளர் லிண்ட்னர் அம்மாவை வோக்கிடோக்கியில் கூப்பிட்டேன். அவர் எதிர்ப்பக்கக் கோபுரத்தில் இருந்தார்.

"நூற்றுநான்கு காட்டுகிறது. கார் இல்லை."

"காற்று."

"இங்கே காற்றே இல்லை."

"கொட்வின், காற்று என்று எழுதுங்கள்."

எழுதினேன்.

18:33. மற்ற இரண்டு கார்களும் பயிற்சி முடித்துப் பாதையை விட்டுப் போய்விட்டன. யூட் மட்டும் தனியே ஓடினான். ஒரு கார் ஓடினால் சுற்றுக்கு ஒரு எண்தான் வரவேண்டும். இரண்டு வந்தது. ஐந்து விநாடி இடைவெளி. நூற்றுப்பதினொன்று. மேசையில் வைத்திருந்த கோப்பி தளும்பிக் கொட்டியது.

அடுத்த சுற்று. நான்கு விநாடி... தகரச் சுவர் அதிர்ந்தது. ஆணி ஒன்று கழன்று தரையில் விழுந்தது. டிங்.

ஏதோ ஒன்று அவனைத் துரத்துகிறது. கிட்டக் கிட்ட வருகிறது. காருக்குள் வோக்கிடோக்கி கிடையாது. என்னிடம் இருந்தது அந்தக் கறுப்புக் கொடி மட்டும்தான். அதைக் காட்டினால் மீறல் என்று எழுதியே ஆகவேண்டும். மூன்றாவது மீறல். திடலுக்குப் பூட்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... ஒரு முழுச் சுற்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று விநாடி. நூற்றுப்பத்தொன்பது.

ஓடினேன்.

பாதையோரம் போய்க் கொடியை விரித்தேன். 18:35:20. யூட் கண்டுவிட்டான். கையை உயர்த்தினான். வேகத்தைக் குறைத்தான்.

குறைத்திருக்கக் கூடாது.

காரின் பின்பக்கம் நசுங்கியது. பின்னால் எதுவும் இல்லை. கார் எகிறிச் சுவரில் மோதியது. திரும்பவும் ஒரு இடி. கண்ணாடி சிதறியது. கதவு பிய்ந்து என் தலைக்கு மேலால் பறந்தது.

எல்லாம் சத்தமே இல்லாமல்...

மூன்றாவது இடி. கூரை உள்ளுக்கு மடிந்தது.

நாலாவது.

என் மூக்கில் இருந்து ரத்தம் வழிந்தது.

பிறகு திடீரென்று எல்லாச் சத்தமும் திரும்பி வந்தது. லிண்ட்னர் அம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு பேருமாக யூட்டைக் கதவு பிய்ந்த இடைவெளி வழியே இழுத்து எடுத்தோம். இடக்கையில் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் உயிர் இருந்தது. பேசினான்.

"அத்தான்... பின்னால வந்தது ஆர்?"

"ஒருத்தரும் இல்லையடா."

"பொய் சொல்லாதேங்கோ. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடி முழுக்க அதுதான் நிண்டது."

"எது?"

அவன் வெறும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது இன்னும் போகேல்லை" என்றான்.

அம்புலன்சில் வந்த டொக்டர் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தார். கைதான் முறிந்திருக்கிறது, நெஞ்சில் ஒன்றும் இல்லை, பயப்படவேண்டாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. 18:58 மணிக்கு அம்புலன்ஸ் வாசலைத் தாண்டியது.

18:58:02. கொட்டிலுக்குள் மீற்றர் கூவியது. நூற்றிருபதைத் தாண்டினால் மட்டும்தான் அது கூவும்.

நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. என் காரில் ஏறி விரட்டிக்கொண்டு போனேன்.

மருத்துவமனையில் யூட்டைக் காட்ட மறுத்தார்கள். வரும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். எவ்லின் வந்தாள். இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். அடிக்கட்டும் என்று நின்றேன். முதலாவது எண் வந்தபோதே கொடியைக் காட்டியிருந்தால் என்று இன்றைக்கும் என் மனம் அடித்துக்கொள்கிறது.

மூன்று கிழமை கழித்து அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. ஊரின் முதல் வீட்டுச் சுவரில் அவர்களும் ஒரு மைக் பூட்டியிருந்தார்களாம். எங்களுக்குச் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகிற தெரு அது. அன்றைய பதிவில் இரண்டு வரிகளுக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

19:00:31. அம்புலன்ஸ். தொண்ணூற்றிரண்டு.

19:00:32. வாகனம் இல்லை. நூற்றுமுப்பத்தொன்று.

அந்த வீட்டுக்காரர்கள் முற்றத்தில் நின்றிருக்கிறார்கள். அம்புலன்சைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்றார்கள்.

பிறகு பொலிஸ் எனக்கு மருத்துவ அறிக்கையை வாசித்துக் காட்டியது. யூட்டின் நெஞ்சுக்கூடு முழுவதும் தூளாகி, படுக்கையோடு சேர்த்து நசுங்கியிருந்தது. அம்புலன்சில் ஒரு கீறல்கூட இல்லை. கதவு உள்ளிருந்து பூட்டியபடியே இருந்திருக்கிறது.

டொக்டர் முன்னால் சாரதியோடு இருந்திருக்கிறார். யூட்டின் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் ஒரு இளம் தாதி. அவருடைய உடம்பில் வெளியே தெரிகிற காயம் ஒன்றும் இல்லை. விசாரணையில் அவர் தன் பதிலை எழுதித்தான் கொடுத்தார். வண்டிக்குள் எந்தச் சத்தமும் வரவில்லை என்று எழுதியிருந்தார்.

அவருடைய இரண்டு செவிப்பறைகளும் கிழிந்திருந்தன.