ஆறு வரி விபத்து

"சார், எம் பொண்ணு மூணு நாளா சரியா சாப்பிடல, தூங்கல. இன்னா எழுதச் சொன்னீங்க அவள?"

போனில் கேட்டவர் ஜெனிபரின் அம்மா. அப்போது நான் அம்பத்தூரில் ஒரு சிறிய பதிப்பகத்தில் எடிட்டர். ஜெனிபருக்கு இருபது வயது. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பள்ளி வேன் கவிழ்ந்ததில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியை இழந்தவள். அதிலிருந்து மீண்டு வந்ததைத்தான் இளையோர் நாவலாக எழுதியிருந்தாள். அதில் விபத்து ஆறே வரி.

முதலாளி படித்துவிட்டு, "இன்னா சார், மெயின் சீனே ஆறு வரில முடிஞ்சிபோச்சு? நாலு பக்கமாவது வேணும். படிக்கிறவன் அழணும்" என்றார். நானும் மறுபேச்சில்லாமல் மார்ஜினில் 'விரிவாக எழுதவும்' என்று குறித்து அனுப்பிவிட்டேன்.

போன் வந்த மறுநாள் காலை ஆவடிக்குப் போனேன். ஜெனிபரின் கண்கள் வீங்கியிருந்தன. நான்கு பக்கங்களை நீட்டினாள்.

"எழுதிட்டேன் சார்."

நன்றாக எழுதியிருந்தாள். தோழி கடைசியாகப் பேசிய வார்த்தைகூட இருந்தது. எனக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

"இது புக்ல வரணும்னு உனக்கு இஷ்டமாம்மா?"

"இல்ல சார். அவ எங்கிட்ட மட்டும் சொன்னது அது. போடலன்னா புக்கு வராதுன்னு நெனச்சேன்."

தாள்களை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். "உன்ன கேக்காம குறிச்சது என் தப்பு. ஆறு வரியே இருக்கட்டும்."

அதுவரை நின்றுகொண்டிருந்த அவள் அம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலாளி ஒரு வாரம் முறைத்தார். "புக்கு போவலன்னா உங்களத்தான் கேப்பேன்" என்றார். "கேளுங்க சார்" என்றேன். புத்தகம் ஆறு வரியோடுதான் வந்தது.

திருவேற்காட்டில் ஒரு பள்ளிக்கு ஜெனிபரைப் பேச அழைத்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஆக்சிடென்ட்ல நடந்தத ஏன்க்கா முழுசா எழுதல?" என்று கேட்டாள்.

ஜெனிபர் பதறவில்லை. "அது எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் நடுவுல இருக்கட்டும்னு விட்டுட்டேன்பா."

"அப்போ நமக்கு நடந்தத எல்லார்கிட்டயும் சொல்லத் தேவையில்லையாக்கா?"

"எல்லார்கிட்டயும் வேணாம். நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட கண்டிப்பா சொல்லு."

கூட்டம் முடிந்ததும் அந்த மாணவி ஜெனிபரின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். நான் வெளியே வந்து காத்திருந்தேன்.

புதிதாக எடிட்டிங்குக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தன் காயத்தை எழுதியவரிடம் இன்னும் வேண்டும் என்று கேட்கும் முன் நேரில் போய்ப் பேசுங்கள். அவர் எழுதாமல் விட்டதுகூட யோசித்தே விட்டதாக இருக்கலாம்.