ஆம்பள வேலை

கேட்க வேண்டியதை வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். மகளுக்குத் தலை வாரும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதே நினைப்பு. ஆனாலும் சூப்பர்வைசர் முன்னால் நின்றதும் வாயில் வந்தது வேறு.

விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் எனக்கு வேலை. பொம்மை அச்சுகளில் களிமண் குழம்பை ஊற்ற வேண்டும். ஓரம் இறுகியதும் மீதியை வடித்து, காயவிட்டு, அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுக்க வேண்டும். மற்ற பெண்களைப் போல நானும் பொம்மைகளில் அச்சு சேர்ந்த இடத்தில் துருத்தும் பிசிறைச் சீவத்தான் சேர்ந்தேன். அச்சு ஊற்றுகிறவர் ஒருவர் வேலையை விட்டு நின்றதும் என்னை அந்த மேசைக்கு மாற்றினார்கள். கூலியை மாற்றவில்லை.

பக்கத்து மேசையில் ஊற்றுகிற அண்ணன் எனக்குப் பிறகு சேர்ந்தவர். ஒருநாள் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொன்னார். நான் என்னுடையதைச் சொன்னேன். பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் போல எழுந்து போய்விட்டார்.

ஒரே வேலைக்கு எனக்கு மட்டும் ஏன் குறைவு என்றுதான் சூப்பர்வைசரிடம் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. பெண்களுக்கு எப்போதும் இந்தக் கூலிதான் என்றார். அங்கேதான் உளறினேன்.

"நானும் ஆம்பள வேலைதானே சார் செய்யறேன்?"

அவர் சிரித்தார். "அப்படியாம்மா? ஆம்பள வேலைன்னா ராத்திரியில சூளை பாக்கணும், மண்ணு மூட்டை தூக்கணும். திங்கக்கிழமையிலேருந்து நைட்டுக்கு வந்துடுங்க. ஆம்பள சம்பளமே போட்டுடலாம்."

என் கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். பல இரவுகள் வீட்டில் இருக்கமாட்டார். மகள் இப்போதுதான் பால்வாடிக்குப் போகிறாள். அவளை யாரிடம் விடுவேன்? வரமுடியாது என்றால், நின்றுகொள் என்பார்களோ? பயத்தில் அன்று ஓர் அச்சைச் சீக்கிரமே பிரித்துவிட்டேன். பொம்மையின் கழுத்து துவண்டு, தலை மார்பில் சாய்ந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதைக் கழிவு மண் வாளியில் அமுக்கினேன்.

பிசிறு சீவும் மங்கலம்பேட்டை அக்கா பார்த்துவிட்டார். அவர் கணவர் சவூதியில் சம்பாதிப்பதால், உனக்கெல்லாம் எதற்குச் சம்பளம் என்று சூப்பர்வைசரிடம் அடிக்கடி கேலி வாங்குகிறவர். நடந்ததைச் சொன்னேன். சீவுவதை நிறுத்தாமலே கேட்டார்:

"ஏன்டி, பக்கத்து மேசைக்காரரு மூட்டை தூக்குறாரா? சூளை பாக்குறாரா? ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான ஊத்துறீங்க. அதுக்கு ஆம்பள வேலைன்னு நீயா எதுக்குப் பேரு வெச்ச?"

எனக்கு அழுகை வந்தது. ப்ளஸ் டூ வரை படித்தும் எனக்கு இது தோன்றவில்லையே.

என் கணவர், பேசாமல் விட்டுவிடு, இருக்கிறதும் போய்விடும் என்றார். ஞாயிறு பூசையில் முழங்காலிட்டபோது அவர் சொன்னதே சரி என்று பட்டது. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது சரியில்லை என்று பட்டது.

திங்கட்கிழமை காலையில், வழக்கமான நேரத்துக்கே போனேன். சூப்பர்வைசர் மேசைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், நான் செய்யறது ஊத்துற வேலை. ஊத்துறவங்க கூலிதான் கேக்கறேன். பக்கத்து மேசை அண்ணனும் நைட்டுக்கு வரதில்ல."

சொன்ன பிறகுதான், அண்ணனையும் மாட்டிவிட்டேனோ என்று பகீரென்றது. அவர் தலை நிமிரவில்லை. ஊற்றிக்கொண்டே, "ஆமா சார், நான் வரதில்ல" என்றார்.

சூப்பர்வைசர் இந்த முறை சிரிக்கவில்லை. "ஓனரைக் கேக்கறேன். போய் வேலையப் பாருங்க" என்றார். எந்த வேலையை என்று சொல்லவில்லை. பிசிறு சீவும் பக்கமா, ஊற்றும் பக்கமா என்று கால் ஒரு நொடி தயங்கியது. ஊற்றும் மேசைக்கே போனேன்.

ஓனரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஆபீஸ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், பயத்தில் இன்னொரு பொம்மையும் துவண்டுவிடக் கூடாதே என்று, பிரிக்கப்போன அச்சிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன். கதவு மூடிய பிறகுதான் மறுபடி தொடுகிறேன்.