தானாக நகர்ந்த அம்பு

பதிப்பகத்தில் அவளுக்கு 'பூதக்கண்ணாடி அக்கா' என்று பெயர். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். ஆட்களையும் அப்படித்தான் துருவிப் பார்ப்பாள்.

ஒருநாள் காலை அவள் கைகட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது, திரையில் மவுஸின் அம்பு தானாக நகர்ந்தது. போன வாரம்தான் மெக்கானிக் வந்து கம்ப்யூட்டரைச் சரிசெய்தான். பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கியிருந்தான்.

"அவன்தாங்க உள்ள புகுந்துட்டான். மூஞ்சியே சரியில்ல," என்று, பக்கத்து அறை டிராயரிலிருந்து பேனா எடுத்துக்கொண்டு வந்த கணவரிடம் கிசுகிசுத்தாள்.

இணைய வயரைப் பிடுங்கினாள். கேமராவை மறைக்கக் காகிதம் எடுத்துக்கொண்டு, "கத்தரிக்கோல் கொடுங்க," என்றாள். அவர் பக்கத்து அறைக்குப் போய் மேஜை டிராயரைக் குடைந்தார். அம்பு திரையெங்கும் தாறுமாறாக ஓடியது.

இணைப்பே இல்லையே, எப்படி? அவளுக்குப் பொறி தட்டியது.

"டிராயர்லேர்ந்து கொஞ்சம் கையை எடுங்க!"

அம்பு நின்றது. டிராயருக்குள் போன மாதம் ஒதுக்கிப்போட்ட வயரில்லாத மவுஸ் கிடந்தது. அதன் குட்டி ரிசீவரைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து யாரும் கழற்றவில்லை.

வெட்கத்தோடு மெக்கானிக்குக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"சந்தேகப்பட்டது தப்பில்லக்கா. நான் கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லாம நீங்களே டைப் பண்ணியிருக்கணும். கேட்டது என் சோம்பேறித்தனம். உடனே மாத்திடுங்க."

மாற்றினாள். புதிய பாஸ்வேர்ட் என்னவென்று கணவர் கேட்டார். அவரை ஏற இறங்கப் பார்த்தாளே தவிர, சொல்லவில்லை.